பந்தியில் பரிமாறுகிறவர்

தங்களில் யார் பெரியவன் என்று சீடர்கள் வாதாடினார்கள் என்பது நாம் அறிந்த கதை. அந்த வாதம் எழுந்த இடங்களில் ஒன்றை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. லூக்கா நற்செய்தி அதைக் கடைசி இராப்போஜனப் பந்தியிலேயே வைக்கிறது. அப்பம் பிட்டாயிற்று, கிண்ணம் கைமாறியாயிற்று, காட்டிக்கொடுக்கப் போகிறவனின் கை இதே மேசையில் இருக்கிறது என்றும் சொல்லியாயிற்று. அதன் பிறகும் அவர்கள் வரிசை பார்த்தார்கள். இயேசு அவர்களிடம் கேட்டது சாப்பாட்டுக் கேள்வி: பந்தியில் அமர்ந்திருப்பவன் பெரியவனா, பரிமாறுகிறவன் பெரியவனா? எந்த ஊரிலும் விடை தெரிந்ததுதான். அதை ஒப்புக்கொண்டுவிட்டு, தாம் அவர்கள் நடுவில் இருப்பது பரிமாறுகிறவராகத்தான் என்றார்.

‘நடுவில்’ என்ற சொல் முக்கியமானது. கிறிஸ்து சபையின் நடுவில் இருக்கிறார் என்பதற்கு நாம் வழக்கமாக எடுத்துக்காட்டுவது மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம். இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தைப் பற்றிய வாக்குறுதி. கூட்டம் குறைந்த நாள்களில் அதைச் சொல்லி ஆறுதல் அடைகிறோம். ஆனால் அந்த அதிகாரத்தில் அதற்கு முன்னால் இருப்பது, குற்றம் செய்த சகோதரனோடு எப்படிப் பேசித் தீர்ப்பது என்ற அறிவுரை. பின்னால் இருப்பது, எத்தனை முறை மன்னிப்பது என்ற பேதுருவின் கேள்வி. லூக்காவும் மத்தேயுவும் கிரேக்க மூலத்தில் ஒரே சொற்றொடரைத்தான் ஆள்கிறார்கள். ஒன்றில் கிறிஸ்து நடுவில் இருப்பது பரிமாறுவதற்கு; மற்றதில் பிணக்குத் தீர்ந்து கூடியவர்களோடு. இரண்டிலும் அவர் இருக்கும் நடு, மனிதருக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட இடம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: ஒரு சபையின் மையத்தில் கிறிஸ்து இருக்கிறாரா என்பதை அதன் விசுவாச அறிக்கையைப் படித்து மட்டும் அறிய முடியாது. அதன் பந்தியைப் பார்க்க வேண்டும். யார் அருகில் யார் உட்காருகிறார், யார் கையிலிருந்து யார் வாங்குகிறார், யார் கடைசியாக வாங்குகிறார் என்ற மூன்று கேள்விகளும் கொரிந்துவிலிருந்து தரங்கம்பாடி வரை திருச்சபையைத் துரத்தி வந்திருக்கின்றன.

கொரிந்து: முன்பந்தியும் பின்பந்தியும்

கி.மு. 146இல் ரோமர் தரைமட்டமாக்கிய கொரிந்துவை, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் புதுக் குடியேற்றமாக எழுப்பினார். குடியேறியவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள். மேற்கே ஒரு துறைமுகம், கிழக்கே கெங்கிரேயா என்ற இன்னொரு துறைமுகம். நடுவே பணம் ஓடும் சந்தை. பரம்பரைப் பெருமை இல்லாத ஊரில், பெருமையைப் புதிதாகச் சம்பாதிக்கும் வெறி அதிகம். பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கினார். கல்லியோன் ஆளுநராக இருந்தபோது அவர் நியாயாசனத்தின் முன் நிறுத்தப்பட்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. டெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றின் துணையால் அதை ஏறத்தாழ கி.பி. 51 என்று கணிக்கிறார்கள்.

பவுல் ஊரைவிட்டுப் போன சில ஆண்டுகளில் சபை கட்சிகளாகப் பிரிந்தது. குலோவேயாளின் வீட்டார் கொண்டுவந்த செய்தி அது. ஒருவர் பவுலின் ஆள், ஒருவர் அப்பொல்லோவின் ஆள், ஒருவர் கேபாவின் ஆள். இன்னொருவர் தன்னைக் கிறிஸ்துவின் ஆள் என்றார். இந்த நான்காவது அணி உண்மையில் ஒரு கட்சியா, பவுல் எள்ளலாகச் சேர்த்த வரியா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அது கட்சிதான் என்றால், அதில் ஒரு கூர்மையான எச்சரிக்கை இருக்கிறது. கிறிஸ்துவின் பெயரையே கட்சிக்கொடியாகப் பிடிக்க முடியும். ‘மற்றவர்கள் மனிதர்களைப் பின்பற்றுகிறார்கள், நாங்கள் கிறிஸ்துவை மட்டுமே’ என்று சொல்வோரும் சபையைப் பிளக்க முடியும். பவுல் எந்த அணிக்கும் வாக்களிக்கவில்லை. தம் பெயரில் இருந்த அணியைத்தான் முதலில் உடைத்தார்: உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டது பவுலா என்று கேட்டார்.

இதையெல்லாம் பவுல் எழுதிய கொரிந்தியருக்கான முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் நோய் வெளிப்படையாகத் தெரிகிறது. கர்த்தருடைய இராப்போஜனம் அன்று முழுச் சாப்பாடு. வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டார்கள். வேலை முடித்துத் தாமதமாக வந்த அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் மிச்சமே இல்லை. ஒருவன் பசித்திருக்க இன்னொருவன் வெறித்திருந்தான். இதன் சமூகப் பின்னணியை 1970களில் விரிவாக எழுதியவர் ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசென். ஜெரோம் மர்ஃபி-ஓகானர் கட்டடத்தையும் கணக்கில் எடுத்தார். கொரிந்துவின் அனாப்ளோகா பகுதியில் தோண்டியெடுத்த மாளிகை ஒன்றின் உணவறை ஏறத்தாழ 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர். சாய்ந்து உண்ணும் அக்கால முறையில் ஒன்பது பேருக்குமேல் வசதியாக இருக்க முடியாது. மற்றவர்கள் முற்றத்தில். ஆகவே வீட்டுக்காரரின் நண்பர்கள் உள்ளே, ஏழைகள் வெளியே என்று சபை தானாகவே இரண்டு பந்தியாகியிருக்கும் என்பது அவர் ஊகம். சபை அந்த மாதிரி மாளிகையில் கூடியதற்குச் சான்றில்லை, சாதாரண மாடிக் கூடமாகவும் இருக்கலாம் என்று டேவிட் ஹொரல் பின்னர் மறுத்தார்.

இடம் எதுவானாலும், அக்காலப் பந்தி வழக்கம் என்ன என்பதில் ஐயமில்லை. சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு ரோமானியப் பிரபு இளைய பிளினி ஒரு விருந்தைப் பற்றிக் கடிதம் எழுதினார். விருந்தளித்தவர் தமக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒரு தர மது, அடுத்த தட்டுக்கு இரண்டாம் தரம், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு மூன்றாம் தரம் என்று ஊற்றினாராம். பிளினிக்கு அது பிடிக்கவில்லை. தம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மதுதான் என்கிறார். ஆக, ஒரே கூரையின் கீழ் தரம் பிரித்துப் பரிமாறுவது அந்த உலகில் நடப்பில் இருந்த மரியாதை முறை. கொரிந்துச் சபையார் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் விசுவாச அறிக்கையை மாற்றவில்லை. ஊர் வழக்கத்தை மாற்றாமல் விட்டார்கள். பவுலோ, நீங்கள் கூடி உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றார். அவர் தந்த மருந்து வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: ஒருவருக்காக ஒருவர் பொறுத்திருக்க வேண்டும். அந்தக் கிரேக்க வினைக்கு ‘காத்திருத்தல்’ என்றும் ‘வரவேற்று ஏற்றுக்கொள்ளுதல்’ என்றும் பொருள் உண்டு. இரண்டும் இங்கே பொருந்தும்.

ஐக்கியமும் பங்கும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் ‘ஐக்கியம்’ என்று சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘கொய்னோனியா’. ஒரே பொருளில் பலருக்குப் பங்கு இருப்பது என்பது அதன் அடிப்படை. ஐக்கியம் என்ற வடசொல் ஒன்றாயிருத்தலைச் சொல்கிறது, பங்கிடுதலைச் சொல்வதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் ஊர்ச் சபையையே ‘பங்கு’ என்கிறார்கள். அதன் குரு பங்குத்தந்தை. இரண்டு மரபும் ஒரே கிரேக்கச் சொல்லின் ஒவ்வொரு பாதியைத் தமிழில் வைத்திருப்பதுபோல் தோன்றுகிறது. பங்கில்லாத ஐக்கியம் வெறும் உணர்ச்சி. ஐக்கியமில்லாத பங்கு வெறும் பாகப்பிரிவினை.

பவுலுக்கு இது கொரிந்துவில் முதன்முதலாகத் தோன்றிய கருத்தும் அல்ல. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு சேர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவர் ஒரு கோட்பாட்டையும் மறுக்கவில்லை. இலையை மட்டும் மாற்றிப் போட்டார். பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே எதிரான நடத்தையாகக் கண்டு, எல்லோர் முன்னாலும் அவரை எதிர்த்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியதும் அந்தியோகியாவில்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தரங்கம்பாடி: யார் கையால்?

சீர்திருத்தச் சபை மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியான நற்செய்திகளும் நடபடிகளும் 1714இலும், முழுமையும் 1715இலும் அச்சாயின. அந்த முதல் பகுதி, தஞ்சை மன்னரின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கப் போர்வீரரின் கைக்கு வந்தது. அவர் அதைப் படித்தார், மனம் மாறினார், பின்னர் உபதேசியார் ஆனார். தஞ்சைப் பகுதியில் பலரைச் சபையில் சேர்த்தவர். ஆயினும் குருப்பட்டம் பெறத் தகுதியானவர் யார் என்று மிஷனரிகள் ஆலோசித்தபோது அவருக்கு அது கிடைக்கவில்லை. காரணத்தை அவர்கள் மறைக்கவில்லை: அவர் பறையர் சமூகத்தவர், அவர் கையிலிருந்து திருவிருந்தை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள். 1733 டிசம்பர் 28 அன்று வெள்ளாளரான ஆரோன் முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைக் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆரோன் தகுதியானவர்தான். ஆனால் திருவிருந்தின் மேசையைக் காக்க வேண்டியவர்கள், அந்த மேசையைக் காரணமாகச் சொல்லியே ஒருவரை விலக்கினார்கள். அன்று அந்த முடிவின் மையத்தில் இருந்தது எது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நூறு ஆண்டு கழித்துக் கதை திரும்பியது. 1833 ஜூலையில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முடிவாகக் கைவிடப்பட வேண்டும். இருக்கையிலும் திருவிருந்திலும் பேதம் கூடாது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்குழப்பம். பலர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லோரையும் வெறும் சாதிவெறியர் என்று தள்ளிவிட்டால் வரலாறு புரியாது. அவர்களில் பெரியவர், மிஷனரி ஷ்வார்ட்ஸின் மாணவர், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). வில்சனின் அறிக்கைக்கு முன்பே, 1820களில், புதிய தலைமுறை மிஷனரிகள்மீது அவர் அடுக்கிய குற்றச்சாட்டுகள் நான்கு: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், திருவிருந்தில் சாதிகளைக் கலக்கிறார்கள், சடங்குகளில் பூவைத் தடுக்கிறார்கள், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டை ஒடுக்குகிறார்கள். இந்த நான்கையும் அவர் ஒரே தட்டில் வைத்தார். எதிரிலிருந்த மிஷனரிகளும் அப்படியே வைத்தார்கள். இரு தரப்பின் பிழையும் அதில்தான் இருக்கிறது.

மூன்றில் சாஸ்திரியார் பக்கம் நியாயம் நிறைய உண்டு. தமிழன் பூவோடு மணம் முடிப்பதிலும் தமிழிசையில் பாடுவதிலும் கிறிஸ்துவுக்கு ஒரு குறைவும் இல்லை. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிப்பது அதற்குச் சான்று. எஞ்சிய ஒன்றில், திருவிருந்தில் சாதிகள் கலப்பதை எதிர்த்ததில், அவர் தோற்க வேண்டியவர். பூவும் பாட்டும் பந்தியின் அலங்காரம். யார் அருகில் யார் என்பதுதான் பந்தி. கிறிஸ்து மையம் என்பது, எதைப் பண்பாடாக வைத்துக்கொள்ளலாம், எதை வைத்துக்கொள்ள முடியாது என்று பிரித்தறியும் அளவுகோல். அந்த அளவுகோல் இல்லாதபோது ஒரு சாரார் எல்லாவற்றையும் காக்கப் பார்க்கிறார்கள், இன்னொரு சாரார் எல்லாவற்றையும் வெட்டப் பார்க்கிறார்கள்.

கத்தோலிக்கத் தரப்பிலும் இதே முடிச்சு இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்பதற்காக, கால்சட்டைபோல் இரண்டு பக்கமாகப் பிரியும் கோயிலே 1872இல் எழுந்தது. இரு பிரிவும் ஒரே பீடத்தைப் பார்க்கும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. தடுப்புச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தனியுரிமை கோரியவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. இந்தக் கட்டடம் நமக்கு ஒரு பாடம். எல்லோரும் மையத்தை நோக்கி உட்கார்ந்திருந்தாலும் போதாது. மையத்தைப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கும்படி அமைந்ததே திருச்சபை.

எழுதிவைத்த மையம்

பிறப்பைக் காரணம் காட்டி ஊழியத்திலிருந்து ஒருவரை விலக்குவது தமிழ்நாட்டோடு முடிந்த பழக்கமும் அல்ல. ஆரோன் அபிஷேகம் பெற்ற 1733க்குச் சரியாக 200 ஆண்டு கழித்து, 1933 செப்டம்பரில், ஜெர்மனியின் பழைய பிரஷ்ய ஒன்றியச் சபையின் பொதுப்பேரவை ‘ஆரியர் விதி’யை ஏற்றது. யூத வழிவந்த கிறிஸ்தவர்கள் குருக்களாகவும் சபை அலுவலர்களாகவும் இருக்கத் தடை. இட்லரை வாழ்த்திய ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்’ இயக்கம் அப்போது சபைகளைக் கைப்பற்றியிருந்தது.

எதிர்த்தவர்கள் 1934 மே 29 முதல் 31 வரை பார்மன் நகரில் கூடினார்கள். அங்கே ஏற்கப்பட்ட பார்மன் பிரகடனத்தைப் பெரும்பகுதி எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். சபை கேட்கவும் நம்பவும் கீழ்ப்படியவும் வேண்டிய தேவவார்த்தை இயேசு கிறிஸ்து ஒருவரே. வேறு தலைவனோ நிகழ்ச்சியோ அதிகாரமோ அந்த இடத்துக்கு வர முடியாது என்பது அதன் முதல் கூற்றின் சாரம். கிறிஸ்துவை மையத்தில் வைத்த சபை அறிக்கைகளில், இருபதாம் நூற்றாண்டில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. அதற்காகச் சிறை சென்றவர்கள் உண்டு.

ஆனால் அந்தப் பிரகடனத்தில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னொரு இறையியலாளரான டீட்ரிக் போன்ஹோஃபர் 1933இலேயே யூதர் பிரச்சினையைச் சபையின் முன் வைத்து எழுதியிருந்தார். பார்த், அதைப் பார்மனில் சேர்க்காமல் விட்டது தம்முடைய குற்றம் என்று 1967இல், தம் முதுமையில், போன்ஹோஃபரின் நண்பர் பெத்கேக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். மையம் சரியாக எழுதப்பட்டது. மேசையிலிருந்து எழுப்பப்பட்டவனின் பெயர் எழுதப்படவில்லை. மிகச் சிறந்த அறிக்கைக்கும் இந்த இடைவெளி நேரலாம் என்றால், சாதாரண அறிக்கைகளை நம்பி நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

நாற்காலியிலிருந்து சமாதானம் வரை

தமிழ்ச் சபையிடம் சேர்ந்து உட்காரச் சொன்ன மேனாட்டார் தாங்களும் சேர்ந்து உட்கார்ந்தார்களா? 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இதை எழுப்பியவர், வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. வயது 35. மோட்சத்தில் சிங்காசனம் தருவதாகச் சொல்கிறவர்கள் தங்கள் வரவேற்பறையில் ஒரு நாற்காலி தருவதில்லை என்பது அவர் முறையீட்டின் சாரம். தொண்டுக்கும் தியாகத்துக்கும் நன்றி சொன்ன அவர், கடைசியில் கேட்டது நட்பை. அரங்கில் பலருக்கு அது கசந்தது. அவர் கேட்டது சலுகை அல்ல. கொரிந்துவில் பவுல் கேட்டதைத்தான்.

1912 டிசம்பர் 29 அன்று அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1919 மே 1, 2 தேதிகளில் அதே தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அவர்களில் 31 பேர் இந்தியர்கள். ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவை வேறு நாட்டு வரலாற்றிலிருந்து எங்கள்மேல் வந்தவை என்று அறிவித்து, ஒரே சபைக்கு அழைப்பு விடுத்தார்கள். கொரிந்துவின் ‘நான் இன்னாருடையவன்’ என்ற நோய் இந்தியாவுக்குக் கப்பலில் வந்திருந்தது என்பதே அதன் பொருள்.

அந்த அழைப்பு நிறைவேற 28 ஆண்டு ஆயிற்று. பெரும்பகுதி நேரம் யாருடைய குருப்பட்டம் செல்லும், யார் கையால் திருவிருந்து வாங்கலாம் என்ற விவாதத்தில் கழிந்தது. ராஜநாயக்கன் நாளின் கேள்வி வேறு உடையில் வந்தது. இம்முறை விடை வேறாக இருந்தது. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்த எவருக்கும் மறுபடி பட்டம் கொடுக்கத் தேவையில்லை, எல்லோரையும் அப்படியே ஏற்றுக்கொள்வோம். எந்தச் சபையின் மனச்சாட்சிக்கும் விரோதமாக ஒரு குருவைத் திணிக்கவும் மாட்டோம். வளர்ந்து ஒன்றாக 30 ஆண்டு இடைக்காலம் இருக்கட்டும் என்றார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1945 புத்தாண்டு நாளில் காலமான அசரியா அதைக் காணவில்லை. பேராயர் ஆட்சி உள்ள சபையும் இல்லாத சபைகளும் இணைந்தது அதுவரை நடவாதது. இங்கிலாந்தின் சில ஆங்கிலிக்கன் வட்டாரங்கள் இதைப் பிழை என்றே கருதின.

அந்தச் சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து வழிபாட்டு முறையில் இரண்டு அசைவுகளைக் கவனிக்கலாம். குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று மக்களைப் பார்க்கிறார். அவருக்கும் மக்களுக்கும் நடுவில் இருப்பது மேசை. அடுத்து ‘சமாதானம்’: குருவிடமிருந்து தொடங்கிக் கைமேல் கை வைத்து ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, கடைசி வரிசை வரை போகிறது. கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து வந்த வழக்கம் அது. தொடாமைக்குப் பேர்போன ஒரு சமூகத்தில், தொடுவதை வழிபாட்டின் பகுதியாக்கியது சிறிய செயல் இல்லை. வடக்கன்குளத்துச் சுவருக்கு இறையியல் தந்த மறுமொழி என்று அதைச் சொல்லலாம். பின்னர் வந்த பல நாட்டு வழிபாட்டு முறைகளுக்கு இது முன்மாதிரியானது.

இன்றைய பந்தி

சபைப் பிரிவுகள் இணைந்தன, சாதி கரையவில்லை. பிரிவு போட்ட கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் சமாதானம் கொடுத்த கைகள், சேகரத் தேர்தலில் சாதி பார்த்து வாக்களிக்கின்றன. திருமண்டலத் தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றம் ஏறுவதும், ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சபை நிர்வாகத்துக்கு நீதிமன்றம் நியமிப்பதும் அண்மை ஆண்டுகளின் செய்தி. சகோதரன் சகோதரன்மேல் வழக்குப் போடுவதைப் பவுல் கண்டித்ததும் இதே கொரிந்து நிருபத்தில்தான். சொத்து, பள்ளி, கல்லூரி, பதவி எல்லாம் மையத்தைச் சுற்றிச் சேர்ந்தவை. சேர்ந்தவை பெருத்து மையத்தை மூடிவிட்டன.

சுயாதீனச் சபைகளில் நோய் வேறு வடிவத்தில் இருக்கிறது. சுவரொட்டியில் ஊழியரின் முகம் பெரிதாகவும் கிறிஸ்துவின் பெயர் சிறிதாகவும் அச்சாகிறது. விசுவாசிகள் தங்கள் சபையை ஊழியரின் பெயரால் சொல்கிறார்கள். அந்த ஊழியர் விழுந்தால் சபையும் விழுகிறது. பவுல், தாம் நட்டவர், அப்பொல்லோ நீர் பாய்ச்சியவர், விளையச் செய்தவர் கடவுள் என்று சொல்லி இருவரையும் வேலைக்காரர் வரிசையில் நிறுத்தியது இந்த ஆபத்துக்காகத்தான்.

தீர்வு புதிய கோஷத்தில் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் கிறிஸ்தவ ஊர்களுக்குப் பழகிய ஒன்றிலேயே அதற்கான வடிவம் இருக்கிறது. ஆலயப் பண்டிகையின்போது அசனம் என்ற பொதுச் சாப்பாடு நடக்கும். அரிசியும் பணமும் ஊரே கொடுக்கும். ஆலய வளாகத்தில் பெரிய பாத்திரங்களில் சமையல். கொடுத்தவரும் கொடுக்க முடியாதவரும் ஒரே வரிசையில் இலை முன் உட்காருவார்கள். இந்த அசனத்தைத் திருவிருந்தின் உரைகல்லாகக் கொள்ளலாம். திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் சபை, அசனத்தில் ஒரே வரிசையில் உட்காருகிறதா? பரிமாறுகிறவர்களில் சேகரக் கமிட்டியினர் இருக்கிறார்களா, அல்லது அவர்களுக்குத் தனி மேசை உண்டா? பக்கத்துச் சேரியிலிருந்து வந்தவர்கள் எந்தப் பந்தியில் உண்கிறார்கள்? எச்சில் இலையை யார் எடுக்கிறார்கள்? இலங்கையிலோ மலேசியாவிலோ இருக்கும் தமிழ்ச் சபைகளும் தங்கள் மேசையைப் பார்த்து இதே கேள்விகளைக் கேட்கலாம். யார் வாகனம் இல்லாததால் வரவில்லை, யார் நல்ல உடை இல்லாததால் வரவில்லை என்பவற்றையும் சேர்த்து.

இவற்றோடு சில எளிய ஒழுங்குகளும் உதவும். திருவிருந்துக்கு முந்தைய வாரத்தில், பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களைக் குருவானவர் சந்திப்பது. கணக்கைக் கமிட்டிக்கு மட்டும் காட்டாமல் சபை முன் வாசிப்பது. தேர்தலில் நிற்பவர் எந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறார் என்று கேட்பது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அதே ஞாயிற்றுக்கிழமையே அப்பத்தைக் கொண்டுபோவது. இவை எதுவும் இறையியல் புரட்சி அல்ல. ஆனால் பரிமாறுகிறவர் நடுவில் இருக்க வேண்டுமானால், அவர் நடப்பதற்கு வரிசைகளுக்கு இடையே வழி இருக்க வேண்டும்.

கொரிந்துச் சபையாருக்குப் பவுல் எழுதியதில் கடினமான இறையியல் நிறைய உண்டு. பந்தியைப் பற்றி அவர் சொல்லி முடித்ததோ ஊரில் எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியது: எல்லோரும் வரட்டும். வேலை முடித்து வரும் கடைசி ஆள் வந்து உட்காரும் வரை, அந்தப் பந்தியைக் கர்த்தருடைய பந்தி என்று சொல்லச் சபைக்கு உரிமை இல்லை.